கோணல் முகம் என்றொரு வலைப்பூ

பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். காபியும் அதே பக்கம் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடவே இல்லை.

"பக்கவாதமா இருக்கப்போவுது, ஜல்தி கெளம்பு," என்று என் கணவர் வண்டியை எடுத்தார். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு மருத்துவமனை பக்கம்தான். இருந்தாலும் வழி முழுக்கக் கையையும் காலையும் அசைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

"நெத்தியைச் சுருக்குங்கம்மா," என்றார் மருத்துவர். இடது பாதி அசையவில்லை. அதைப் பார்த்து அவருக்கு நிம்மதி! பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்குமாம். ஸ்கேனிலும் கோளாறு இல்லை. எனக்கு வந்தது முகவாதம் (முக நரம்பு வீங்கி, முகத்தின் ஒரு பக்கத் தசைகள் செயலிழப்பது). ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து), கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்டப் பிளாஸ்திரி. உங்களுக்கு இப்படி வந்தால், எந்த வாதம் என்று வீட்டில் உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்தாதீர்கள். உடனே ஓடுங்கள்.

"வாரம் ஒரு போட்டோ எடுத்து வைங்க. தினம் கண்ணாடி பாக்கறவங்களுக்கு முன்னேற்றம் தெரியாது," என்றும் அவர் சொன்னார்.

அந்த மாதமே திண்டிவனத்தில் என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, புது வீட்டுக்குக் குடிபோனார். பால் காய்ச்சி முடித்து எல்லோரும் குடும்பப் படத்துக்கு நின்றபோது என் தோளைத் தொட்டார்.

"மஞ்சு, நீ கொஞ்சம் பின்னால போய் குந்திக்கோ. புது வூட்டுல மொத போட்டோ. நீ வாய் கோணிக்கினு நின்னா ஆல்பமே கெட்டுப்பூடும்."

பந்தி போடும் இடத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். என் கணவர் படத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்த இரண்டு நாள் நான் சமைக்கவில்லை, அவர் ஓட்டலில்தான் சாப்பிட்டார்.

வலைப்பூ அந்த ஆத்திரத்தில் பிறந்தது. மறைக்கச் சொன்ன முகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று வாராவாரம் படத்தை ஏற்றினேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எடுத்ததில் முகம் கரிச்சட்டியாக வந்தது. அதையும் ஏற்றினேன்.

நான்காவது வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனாரின் குரல்பதிவு வந்தது. "ஒரு வாரம் இந்தப் பக்கம் கோணுது, மறு வாரம் அந்தப் பக்கம் கோணுது. இன்னா நோவுடா இது? எல்லாம் டிராமா."

பதறிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். நானே எடுத்தவை கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்தவை. அது கண்ணாடியைப் போல இடம் வலம் மாற்றிக் காட்டியிருந்தது. கணவர் எடுத்தவை பின்பக்கக் கேமராவில். படத்துக்குப் படம் என் மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது. குழுவில் இதை விளக்கினேன். பதிலுக்கு நாத்தனார் ஒரு ரோஜாப்பூப் படம் போட்டார். அந்த ரோஜாப்பூவை நான் மன்னிக்கவில்லை.

அதன் பிறகு ஒழுங்காகக் கற்றேன். கணவரின் ஊரான ஒலக்கூரில் மல்லாட்டை (வேர்க்கடலை) தின்பவர்களை எடுத்துப் பழகினேன். மெல்லும்போது யாருடைய வாயும் கோணும். அதைக் கண்டுகொண்ட அன்று, நோய் வந்த பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான்கு மாதத்தில் வாய் ஏறக்குறைய நேரானது. நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். "வா மஞ்சு, முன்னால நில்லு," என்று நாத்தனாரே கையைப் பிடித்து இழுத்தார். நின்றேன். பிறகு கைபேசியோடு பந்திக்குப் போனேன். நாத்தனார் ஜாங்கிரியைக் கடித்தார். வாய் ஒரு பக்கம் போனது, ஒரு கண் மூடியது. எடுத்துவிட்டேன்.

என் முதல் வாரப் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துக் கீழே எழுதினேன்: "முதல் படத்தில் இருப்பவருக்கு முகவாதம். இரண்டாவது படத்தில் இருப்பவருக்கு ஜாங்கிரி."

மறுநாள் போன் வந்தது. "எடுத்துடு மஞ்சு. தெருவே சிரிக்குது. அது ஒரே ஒரு செகண்டு இருந்த மூஞ்சி."

"எனக்கு நாலு மாசம் இருந்துச்சிங்க அண்ணி. நாலு மாசம் கழிச்சி எடுத்துடறேன்."

இப்போதும் சிரித்தால் என் இடது கண் சுருங்குகிறது (நரம்பு மறுபடி வளரும்போது சில இழைகள் தடம் மாறிச் சேர்வதால் வருவது). இது இப்படியே நின்றுவிடலாம் என்கிறார் மருத்துவர். நிற்கட்டும். இமை தானாக மூடித் திறப்பதை மட்டும் இன்னும் சில வேளை கை வேலையை நிறுத்திக் கவனிக்கிறேன். அடுத்த வாரப் படம் எப்போது வரும் என்று காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது எனக்கு நாள் எண்ணும் வேலை இல்லை. அதைத் திண்டிவனத்தில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.