பாதி கிளாஸ் டீ

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக நாகலூர் போகும் பஸ்ஸுக்கு நான் டிரைவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மலையில் ஓட்டுகிறவன் என்றால் எங்கள் டிப்போவில் தனி மரியாதை. கீழே சமதரையில் ஓட்டுகிறவர்களை "மாட்டு வண்டிக்காரங்க" என்று கிண்டலடிப்போம். அந்தத் திமிரெல்லாம் ஒரே வளைவில் அடங்கிப்போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்று காலை நாகலூரிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறைய ஆட்கள், கூரைமேல் ஆரஞ்சுக் கூடைகள். ஏற்காடு தாண்டிப் பாதி மலை இறங்கியதும், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. பஸ் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் மூளை ஒன்றும் வேலை செய்யாது. கைதான் செய்யும். கியரைக் குறைத்து, மலைப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி, பாறையோடு உரசி உரசி நிறுத்தினேன். வளைவின் கட்டைச் சுவருக்கும் பஸ் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேலே ஒரு கூடை மட்டும் அறுந்து விழுந்து, ஆரஞ்சுப் பழங்கள் சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் ஸ்டீரிங்கை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது அன்றோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

முதலில் தூக்கம் போனது. கண்ணை மூடினால் கால் தரை வரைக்கும் போகும். தூக்கத்தில் கட்டில் சட்டத்தை உதைத்து உதைத்து வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பெரிய நடுக்கம் எல்லாம் இல்லை. சட்டைப் பொத்தான் போடும்போது, பீடி பற்ற வைக்கும்போது, விரல் மட்டும் தனியாக ஆடும். வண்டியில் ஏறி ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துவிட்டால் வெளியே தெரியாது. உள்ளே நெஞ்சு மட்டும் பட்டறை மாதிரி அடித்துக்கொண்டிருக்கும்.

டாக்டரிடம் போனேன். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் மனைவி கோயிலில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டி விட்டாள். கயிறும் நடுங்கியது. இன்றைக்கு டி.வி.யைத் திறந்தால் மன அழுத்தம், மன அமைதி என்று மணிக்கொரு தடவை யாராவது பேசுகிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்ததற்குப் பெயரே கிடையாது. பயம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. டிரைவருக்கு அது வரக்கூடாது. வந்தால் அவன் டிரைவர் இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. மலை ஜனங்களுக்கு நான் ராசிக்காரன் ஆகிவிட்டேன்! அத்தனை உயிரை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றிக் கொடுத்த கை அல்லவா? நாகலூரிலும் ஏற்காட்டிலும் இந்தப் பேச்சு பரவிவிட்டது. நல்ல காரியத்துக்குக் கீழே போகிறவர்கள், பின்னால் வரும் என் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். ஒரு அம்மா காய்ச்சல் அடிக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து, "சாமி, உங்க கையால கொஞ்சம் துன்னூறு வெச்சு உடுங்க. அது நொம்ப ராசியான கைங்க" என்றார். வைத்து விட்டேன். குழந்தையின் நெற்றியில் திருநீற்றுக் கோடு கோணலாக விழுந்தது. பார்த்த யாருக்கும் அது ஏன் கோணல் என்று தோன்றவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடக் கடவுளே, இவர்களையெல்லாம் நான்தானே ஒரு நாள் கொல்லப்போகிறேன் என்று இருந்தது எனக்கு.

டிப்போவில் என்னோடு ஒன்றாக வேலையில் சேர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவனும் மலை டிரைவர்தான். தொண்டை பெரியது, சிரிப்பு அதைவிடப் பெரியது. ஒரு நாள் பட்டும் படாமலும் அவனிடம் சொல்லிப் பார்த்தேன், வளைவு வந்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்று. "அட போப்பா! பொண்டாட்டி கையில சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பயந்தாங்கொள்ளி ஆயிட்ட. ஒரு குவார்ட்டர் போட்டுட்டுப் படு, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று முதுகில் ஓங்கி அடித்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என் கண்டக்டரிடம்கூட.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். வண்டி நிற்கிற நேரத்தில் எல்லோரும் அங்கேதான் குடிப்போம். நுரை பொங்க விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொடுப்பது அவர் கடைப் பழக்கம். அப்படி ஒரு நாள் வாங்கும்போது பாதி டீ என் சட்டையில் கொட்டியது. சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் பாதி கிளாஸ்தான் வந்தது. குடித்து முடித்ததும் கேட்காமலே இன்னொரு பாதி ஊற்றுவார். பாய் சிக்கனம் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த நாட்களில் எதற்குத்தான் எரிச்சல் வரவில்லை? பல நாள் கழித்துத்தான் புரிந்தது. பாதி கிளாஸ் என்றால் கை ஆடினாலும் சிந்தாது. அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நாள் டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

மார்கழி பிறந்து, தையும் வந்தது. ஒரு நாள் காலை நாகலூரில் ஒரு குடும்பம் ஏறியது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைச் சேலத்துக்கு அழைத்துப் போகிறார்கள். பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அவளுடைய அம்மா ஏறும்போதே சொன்னார்: "முன்னாடியே ஒரு பஸ் வந்துச்சுங்க. நாங்க ஏறலைங்களே! உங்க வண்டிலதான் புள்ளைய ஏத்தோணும்னு நின்னுட்டோமுங்க."

எனக்கு நேர் பின்னால் அவளை உட்கார வைத்தார்கள். ராசி வேண்டுமே! வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த வளையல் சத்தம் என் பிடரியில் கேட்டது. ஏற்காடு தாண்டி இறங்க ஆரம்பித்ததும் உள்ளங்கை வேர்த்து ஸ்டீரிங் வழுக்கியது. ஒரு வளைவு திரும்பினேன். இன்னொன்று திரும்பினேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது, அன்றைக்குக் காலையில் நானே நின்று பார்த்து எடுத்த வண்டிதான். ஆனால் என் கால் அதை நம்பவில்லை. பழைய இடம் நெருங்க நெருங்கக் கண் முன்னால் ரோடே தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். என்ஜினையும் அணைத்துவிட்டேன். கண்டக்டர் என்னமோ ஏதோ என்று குதித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னாச்சுண்ணா? பிரேக்கா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா. எனக்குத்தான். என்னால இதுக்கு மேல ஓட்ட முடியாது. பயமா இருக்குது" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் ஒருவர், "பயமா இருந்தா எதுக்குய்யா காக்கிச் சட்டை போட்டுட்டு வர்ற? பொடவை கட்டிக்க வேண்டியதுதானே" என்று கத்தினார். ராசியான கை என்று கும்பிட்டவர்களே ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயையோ, போற வழில இப்பிடியா ஒரு அபசகுனம்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். செத்துப்போய்விட்டால் தேவலை என்று நினைத்தேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் சீட்டருகில் வந்து நின்றாள்.

"டிரைவரண்ணா, எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. நொம்ப நாளா. சொன்னா வாய மூடுன்னு சொல்றாங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிரசவத்தைச் சொன்னாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். ஊரே கூடிச் சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து, பாட்டுப் பாடி அனுப்பியிருக்கிறார்கள். அவள் பயத்தை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எறங்கிக்க சாமி, பாத்து எறங்கு" என்றுதான் சொல்ல வந்தது.

பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரையும் கண்டக்டர் ஏற்றி அனுப்பினார். நான் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். அந்த பஸ் வளைவு திரும்பும்போது ஜன்னலிலிருந்து ஒரு வளையல் கை வெளியே நீண்டு ஆடியது. அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனதா, என்ன குழந்தை, எதுவும் எனக்குத் தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பயணிகள் வண்டியைத் தொடவில்லை. விசாரணை நடந்தது. டிப்போவில் டயர் கழற்றிப் பஞ்சர் பார்க்கிற இடத்தில் போட்டார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன மலையாண்டவரே, காத்து அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவான். மாட்டு வண்டிக்காரர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள், முறை அவர்களுடையது. என் மனைவி மட்டும், "உசுரோட ஊடு வந்தீங்களே, அது போதுமுங்க" என்றாள். எனக்குப் போதவில்லை. காலையில் எழுந்து சட்டை போடவே மனம் வராத நாட்கள் வருஷக்கணக்கில் இருந்தன.

ஆனால் ஒன்று நடந்தது. நான் எதிர்பார்க்காதது. டயர் மலைக்குப் பின்னால் நான் தனியாக இருக்கிற நேரம் பார்த்து, டிரைவர்கள் வர ஆரம்பித்தார்கள். சேர்ந்து அல்ல, ஒவ்வொருவராக. முதலில் எதையாவது பேசுவார்கள், மழை, போனஸ், யாருடைய கல்யாணமாவது. பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு அன்னைக்கு முதல்ல எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். சிலர் கேட்கக்கூட மாட்டார்கள், கையை மட்டும் நீட்டிக் காட்டுவார்கள். என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களின் கைகள்! எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு அந்த வளைவுகளில் ஜனங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்!

அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மருந்தா இருந்தது? எனக்கே சரியாகவில்லையே. பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்து, பாதி பாதியாக ஊற்றிக் கொடுப்பேன். குடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஓட்டாதே என்று சொல்வேன். சிலர் கேட்டார்கள். சிலருக்கு வீட்டில் வாய்கள் அதிகம், ஓட்டத்தான் போனார்கள்.

கடைசியாக வந்தவன் என் நண்பன். அதே பெரிய தொண்டைக்காரன். வரும்போதே சாராய வாடை வந்தது. "எப்பிடிப்பா இருக்கற பயந்தாங்கொள்ளி?" என்று ஆரம்பித்தான். நான் கிளாஸை எடுத்துப் பாதி ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். கிளாஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஏற்காட்டு பாய் எனக்கு மட்டும் ஏன் பாதி ஊற்றினார் என்று அவனுக்கும் தெரியும்போல. இரண்டு கையாலும் அதை எடுத்தான். அந்தப் பாதியும் சிந்தியது. அப்படியே டயர்மேல் உட்கார்ந்து, அவ்வளவு பெரிய ஆள், வாய்விட்டு அழுதான்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது, விரல் இன்னமும் ஆடுகிறது. என் வீட்டுக்கு யார் வந்தாலும் பாதி கிளாஸ்தான் ஊற்றுவேன், கஞ்சன் என்று மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். யாருடைய கைக்கு அது தேவைப்படும் என்று நமக்கு எப்படித் தெரியும்?