மைக் அண்ணனின் உதடுகள்

இருபது வருடங்களாகச் சத்தமே போடாமல் வேலை பார்த்த மனிதருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் மைக். எங்கள் நாடகக் குழுவின் குசும்பு அப்படி. மேடை ஓரத்தில், பக்கத்திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. மற்ற குழுக்களில் இதைச் செய்கிறவர்கள் கிசுகிசுப்பார்கள். அது முதல் வரிசை வரை கேட்டு மானத்தை வாங்கும். மைக் அண்ணன் உதட்டை மட்டும்தான் அசைப்பார். பகலில் அவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருந்தார். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் எல்லோரும் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். அவருக்குப் பெண்டாட்டி கிடைத்ததும் அப்படித்தான். போர்வை மடிக்கும் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து இவர் சத்தமில்லாமல் கேட்டாராம். அந்தப் பக்கமிருந்து அக்காவும் சத்தமில்லாமல் சரி என்றாராம்.

அவர் உதட்டைப் பார்த்துத்தான் எங்கள் குழுவில் எல்லோரும் நடிகர்கள் என்று பேர் வாங்கினோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புது நாடகத்துக்குக் கூட்டம் சேர்க்க பத்து நிமிடச் சிரிப்புப் படம் ஒன்று எடுப்பது என்று முடிவானது. நான் டைரக்டர். கல்யாண வீடியோக்காரர் ஒருவர் இரண்டு நாளைக்குக் கேமராவை இரவல் கொடுத்தார். லைட்டுக்கு என் மகளின் படிப்பு விளக்கு. திருட வந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு குடும்பம் தன் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணச் சொல்கிற கதை. வீட்டின் பெரியவராக யாரைப் போடுவது என்று யோசித்தபோது மைக் அண்ணன் தானாகவே கை தூக்கினார். இருபது வருடத்தில் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பத்து நிமிடமும் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்து, கடைசியில் ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். சலவைக்கூடத்தில் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார். திருடனாக நடித்தவனுக்கு ஒரு வரிகூட நிற்கவில்லை. தடுமாறும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் அண்ணனைப் பார்த்தான்; மற்றவர்களும் அப்படித்தான். அவரும் பழக்கதோஷத்தில் எடுத்துக் கொடுத்தார். இரண்டே நாளில் படம் முடிந்தது. நான் என்னைப் பெரிய கில்லாடி என்று நினைத்துக்கொண்டேன்.

எடிட்டிங் செய்த என் மச்சான்தான் முதலில் கவனித்தான்.

“மாமா, இந்த ஆளு ஏன் எல்லாரோட வசனத்தையும் மென்னுக்கிட்டே இருக்காரு?”

தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஷாட் பாக்கியில்லை. யார் பேசினாலும் பின்னால் அவர் உதடும் பேசியது. கேமரா திரும்பப் போய்விட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. அவர் வாயைத் திரை முழுக்கப் பெரிதாக்கினோம். ஆடு அசைபோடும் சத்தத்தைச் சேர்த்தோம். நானும் மச்சானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். திரையிடலுக்கு முதல் நாள் அவரே வந்தார்.

“தம்பி, நான் நல்லா வந்திருக்கேனா? எங்க டிப்பார்ட்மெண்ட் மொத்தமும் வருது. அதான் கேட்டேன்.”

“பட்டையக் கிளப்பிட்டீங்கண்ணே,” என்றேன். இதைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

அரங்கம் நிறைந்திருந்தது. அவர் வாய் திரையில் வந்த முதல் நொடியே கூட்டம் வெடித்தது. இரண்டு வரிசை மட்டும் சிரிக்கவில்லை. சலவைக்கூடத்து ஆட்கள். அவர்களுக்கு உதடு அசைவது பேச்சு; அதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணன் பேசிய அந்த ஒரு வசனம் சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வாசலில் நாலு பேர் அவரைப் பார்த்து அசைபோட்டுக் காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

“திருடனா நடிச்ச பையனுக்கு இவரு வசனம் எடுத்துக் குடுக்குறாரு. எனக்குத் தெளிவா தெரிஞ்சுது. அதுக்கு எதுக்கு தம்பி ஆட்டுச் சத்தம்?”

கேட்டுவிட்டு அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார். அக்காவின் தோளுக்கு மேலாக அண்ணனின் உதடு அசைவது தெரிந்தது. ‘விடு, வீட்டுக்குப் போலாம்.’ எனக்குத்தான் அந்த உதட்டைப் படிக்கத் தெரியுமே. படித்துத் தொலைத்தேன். கூசிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் குழுவை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் நல்லது என்றுகூட நினைத்தேன், முகத்தில் விழிக்க வேண்டாமே. அவரோ ஒத்திகைக்கு ஒரு நாள் தவறவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று முறை போய், மூன்று முறையும் மின்விசிறி ரிப்பேரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

நாடகம் தொடங்கியது. இரண்டாம் காட்சியில் நான் தனியாக நிற்கிறேன். எனக்கு வசனம் மறந்துவிட்டது. வழக்கம்போல் பக்கத்திரையைப் பார்த்தேன். அண்ணன் ஸ்டூலில் இருந்தார். மடியில் பிரதி விரிந்திருந்தது. வலது கையால் வாயை மூடியிருந்தார். கைக்குப் பின்னால் அவர் எனக்கு வசனம் சொல்லிக்கொண்டிருப்பது கன்னம் அசைவதில் தெரிந்தது. என்ன வசனம் என்று தெரியவில்லை. அடுத்தவர் கண்ணுக்கு வாய் தெரியக் கூடாது என்று பழகியிருக்கிறார். அது எனக்கும்தான் மறைகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

அரங்கில் யாரோ இருமினார்கள். எனக்கு வேறு வழியில்லை. அத்தனை வெளிச்சத்தில் அவர் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன்.

‘மன்னிச்சிடுங்கண்ணே. கைய எடுங்க.’

கூட்டம் என் வாயைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது. அதே சிரிப்பு. உள்ளங்கால் வரை சுட்டது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை இறக்கி, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக எடுத்துக் கொடுத்தார். நான் அதைச் சொன்னேன். கைதட்டல் வந்தது. நன்றி சொல்ல மறுபடி பக்கத்திரையைப் பார்த்தேன். கை திரும்பவும் வாய்க்குப் போயிருந்தது.