சுத்தம் செய்து கொடுத்தார்கள்

மூன்று காமிக்ஸ் புத்தகங்களைத் தரம் பார்க்க அனுப்பினேன். அதில் ஒன்றைக் கெடுத்து அனுப்பினார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே, "கிழிச்சுட்டாங்களா?" என்கிறார்கள். கிழிக்கவில்லை. கண்ணாடி மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்து, நல்ல மதிப்பெண்ணும் போட்டுத்தான் அனுப்பினார்கள். எனக்கு ஆறாமல் இருப்பதே அதனால்தான்.

அந்தப் புத்தகங்கள் யாருடையவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடையவை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியைப் பார்க்கும் எவரும் அவை என் கணவருடையவை என்றோ, எங்களுக்கு ஒரு மகன் இருப்பான் என்றோதான் நினைக்கிறார்கள். எங்களுக்கு மகன் இல்லை. கணவர் காமிக்ஸ் படிப்பதில்லை.

கல்யாணமாகி அமெரிக்காவில் டாலஸுக்குப் பக்கத்து ஊரான காப்பெலுக்கு வந்தபோது எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஈரோட்டில் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், கணவரின் விசாவோடு சேர்ந்து வந்ததால் வீட்டில் உட்காரவேண்டியதாயிற்று. கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது நூலகம் ஒன்றுதான். அந்த வெயிலில் அந்த நடைபாதையில் என்னைத் தவிர வேறு யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு மூலையில்தான் அந்தக் காமிக்ஸ் கிடைத்தது. பாலைவனத்து ஊர்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு பெண்ணின் கதை. யாரும் பறக்கமாட்டார்கள், யாரும் உலகத்தைக் காப்பாற்றமாட்டார்கள். அவள் டயர் மாற்றுவாள், வழியில் சண்டை போடுவாள், மதியச் சாப்பாட்டை லாரி நிழலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். பேச்சு குறைவு, படம் அதிகம். எழுதி வரைந்தது எல்லாம் ஒரே பெண்மணி. சின்னப் பதிப்பகம் என்பதால் அதிகம் பேருக்குத் தெரியாது. நான் அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வந்தேன். பிறகு சொந்தமாக வாங்கினேன்.

அந்தப் பெண்மணி டாலஸில் நடக்கும் காமிக்ஸ் கண்காட்சிக்கு வருவதுண்டு. முதல் தடவை போனபோது பேச்சே வரவில்லை. புத்தகத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் தடவை, எனக்கு வேலை கிடைத்த பிறகு, நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். அதைச் சொன்னேன். "லாரியா?" என்று கேட்டார். இல்லை, பழைய டொயோட்டா என்றேன். சிரித்தார்.

மூன்றாம் தடவை என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது நன்றாக ஏறியிருந்தது, பக்கத்தில் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பேனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன் பேரை உங்க பாஷையில எப்படி எழுதுவாங்க?" என்று கேட்டார். பார்க்கிங் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். நான்கு எழுத்து. கொஞ்சநேரம் அதையே பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "தெரியாத எழுத்து. மையில எழுதினா தப்பு பண்ணிடுவேன்" என்றார்.

அவர் எழுதவில்லை, வரைந்தார். நாம் எழுத்தைத் தொடங்கும் இடத்தில் அவர் முடித்தார். சுழியைக் கீழிருந்து மேலே கொண்டுபோனார். புள்ளியை ஒரு குட்டி வட்டமாகப் போட்டு அதன் நடுவை வெள்ளையாக விட்டார். கோடு தடுமாறவில்லை. அந்தப் புத்தகத்தின் மேலட்டை வழவழப்பு இல்லாத சொரசொரத் தாள். லாரிக்கு மேலே வெறும் வானம். அந்த வானத்தில் என் பெயர் இருந்தது. தமிழே தெரியாத ஒருவர் வரைந்ததால் அது கொஞ்சம் கோணலாகவும், என் பெயர் அதுவரைக்கும் எங்கேயும் இல்லாத அளவுக்கு அழகாகவும் இருந்தது.

சில வருடங்கள் கழித்து, டெக்ஸாஸே உறைந்துபோன ஒரு குளிரில் எங்கள் மாடிக் குழாய் வெடித்தது. படுக்கையறை அலமாரி மேல் கூரை இடிந்து விழுந்தது. புடவைகள் போயின, கல்யாண ஆல்பம் போயிற்று. காமிக்ஸ் பெட்டி மட்டும் எதிர்மூலையில் இருந்ததால் தப்பியது. அதற்கடுத்த வருடம் அந்தப் பெண்மணி இறந்துவிட்ட செய்தியைப் படித்தேன். அப்போதுதான் கணவர் சொன்னார், "இதையெல்லாம் கிரேடிங் பண்ணி சீல் பண்ணி வெச்சுடு. தண்ணி கூட உள்ள போகாது. இன்ஷூரன்ஸ்லயும் சேர்த்துக்கலாம்." அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பப் பயமாக இருந்ததால், எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு காமிக்ஸ் கடை மூலம் அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், இனிமையாகப் பேசக்கூடியவர். புத்தகங்களை நான்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், நான்தான் கவுண்டரில் வைத்தேன். அவர் என் கணவரைப் பார்த்து, "நல்ல கலெக்‌ஷன் சார்" என்றார்.

"என்னுடையது" என்றேன்.

"ஓ, அருமை" என்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு மறுபடி என் கணவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது கிரேடிங் நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால்தான் அது கையெழுத்தாகக் கணக்கில் வரும், இல்லையென்றால் அட்டையில் யாரோ எழுதியது என்றுதான் போடுவார்கள் என்று அவருக்கு விளக்கினார்.

"நான் பக்கத்துல நின்னு பார்த்தேனே" என்றேன்.

"உங்களை நம்புறேன் மேடம். ஆனா நீங்க சாட்சி கிடையாது" என்றார். அதை என்னிடம் நேராகவே சொன்னார். அன்றைக்கு அவர் என்னிடம் நேராகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

பிறகு, அனுப்புவதற்கு முன்னால் புத்தகங்களைச் சுத்தம் செய்து, சூட்டில் அழுத்தி மடிப்புகளை எடுத்தால் மதிப்பெண் கூடும் என்றார். அதற்கென்றே தங்களிடம் ஆள் இருக்கிறாராம். சுத்தம் என்ற அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. "வேண்டாம். அட்டையை ஒண்ணும் பண்ணவேண்டாம். இப்படியே அனுப்புங்க" என்று ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொன்னேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. "வாட்எவர் யூ ரெகமெண்ட்" என்றார். உங்களுக்கு எது சரியோ அப்படியே செய்யுங்கள்.

காரில் கேட்டேன். "நான் வேண்டாம்னு சொன்னேன்ல?"

"அவரு எக்ஸ்பர்ட்டும்மா. தினமும் இதே வேலைதான் பண்றாரு. நாம போய் எதுக்கு அவருக்குச் சொல்லணும்?"

பல வாரம் கழித்துக் கடையிலிருந்து அழைப்பு வந்தது, கணவரின் போனுக்கு. சனிக்கிழமை மத்தியானம் போனோம். மூன்று பிளாஸ்டிக் உறைகளைக் கவுண்டரில் வரிசையாக வைத்திருந்தார். மூன்றின் தலையிலும் ஒரு சீட்டு, அதில் மதிப்பெண், அதன் கீழே 'அட்டையில் எழுத்து உள்ளது' என்று ஒரு வரி. அந்த எழுத்து அந்தப் பெண்மணியின் கையெழுத்து. அவருடைய புத்தகத்தில் அவர் போட்ட கையெழுத்துக்கு, புத்தகத்தில் உள்ள குறை என்று பெயர். அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். மூன்றாவது புத்தகத்துக்கு நான் தயாராக இல்லை.

"இது ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றார் கடைக்காரர். "மேல ஏதோ பென்சில் கிறுக்கல் இருந்துச்சு. எங்க ஆள் சுத்தமா எடுத்துட்டாரு. கோடு கூடத் தெரியாது."

லாரிக்கு மேலே வெறும் வானம் இருந்தது.

 உறையை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். கணவர் பின்னாலேயே வந்து போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். பென்சில் அழுத்திய தடமாவது இருக்கும் என்று நினைத்தோம். சூட்டில் அழுத்தி அதையும் நிரவியிருந்தார்கள்.

திரும்பி வந்து, "அது என் பேர்" என்றேன்.

"சாரி?"

"நீங்க அழிச்சது என் பேர். அவங்க கையால எழுதினது. அவங்க இப்ப உயிரோட இல்ல."

அவர் முகம் மாறியது உண்மை. உடனே என் கணவரிடம் திரும்பி, "ஐ ஆம் ஸோ ஸாரி, சார்" என்றார்.

நான் கவுண்டரில் கையால் அடித்தேன். என் வாழ்க்கையில் பொது இடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவர்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர் பேரையா அழிச்சீங்க? புத்தகத்தை வெச்சது நான். வேண்டாம்னு சொன்னது நான். என்னைப் பார்த்துப் பேசுங்க" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கியதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். அது எழுத்து என்றே தங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்காது என்றார். அதற்குப் பதிலாகக் கடையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். உறையைத் திறந்தால் மதிப்பெண் செல்லாது என்றார். கொடுங்கள் என்றேன்.

"வேண்டாம்மா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார் கணவர்.

அங்கேயே, அந்தக் கவுண்டரிலேயே, மூன்று உறைகளையும் நெம்பித் திறந்தேன். பிளாஸ்டிக் உடையும் சத்தம் அந்தக் கடைக்கு ரொம்பப் பெரிய சத்தம். கட்டைவிரலில் கீறி ரத்தம் வந்தது, புத்தகத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன். உடைந்த துண்டுகளையும் மதிப்பெண் சீட்டுகளையும் அவரிடமே விட்டுவிட்டுப் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீடு திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். ஃப்ரீவே ஏறினோம். அவர் மெதுவாக, "பென்சில்தான. அதே எடத்துல நீயே திரும்ப எழுதிக்கலாமே? உன் பேருதான" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் எழுதினா அது என் பேரு. அவங்க எழுதினது வேற" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்களுக்கு ஒண்ணுதான். எனக்கு வேண்டாம்னு நான் சொன்னப்பவும் உங்களுக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு."

அதன் பிறகு பல நாட்கள் நாங்கள் அரிசி, பால், குப்பைத்தொட்டி பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். கிரேடிங் நிறுவனத்துக்கு எழுதினேன். சுத்தம் செய்தது நாங்கள் இல்லை, கடைக்காரர் என்று பதில் வந்தது. கடையில் கேட்டதற்கு வாடிக்கையாளர் சம்மதத்தோடுதான் செய்தோம் என்றார்கள். வாடிக்கையாளர் என்றால் என் கணவர். அவர்கள் சொன்னது பொய் இல்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஒரு ஆன்ட்டியின் வீட்டில் மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்தோம். ஹாலில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது கணவர் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். வேடிக்கையாகச் சொன்னார். நான் கவுண்டரில் அடித்ததை நடித்துக் காட்டினார், கடைக்காரரின் முழியைச் செய்து காட்டினார், ஸ்க்ரூடிரைவர் கேட்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் தெரியாத ஆளாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

"அது ஜோக் இல்லங்க" என்றேன்.

 தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்மணி கைத்தடியைச் சாய்த்து வைத்திருந்தது, புள்ளியை வட்டமாகப் போட்டது, வேண்டாம் என்று நான் சொன்னது, அதற்குப் பிறகு இவர் சொன்னது. முடித்ததும் அந்த ஆன்ட்டி என் தட்டில் இன்னொரு கரண்டி வெஜிடபிள் பிரியாணி வைத்துக்கொண்டே, "விடும்மா. பென்சில்தானே. அதுக்குப் போயி நாலு பேர் முன்னாடி வீட்டுக்காரரை இப்படிச் சொல்லலாமா?" என்றார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் கணவர் யாரோ ஒரு நண்பரின் காரில் வந்து இறங்கினார். நாங்கள் கொண்டுபோயிருந்த பாத்திரத்தை ஆன்ட்டி கழுவிக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"இனிமே அந்தக் கதைய நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

"சொல்லுங்க. நீங்க செஞ்சதையும் சேத்து முழுசாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பாத்திரத்தை எடுத்து, அது எந்த அலமாரியில் இருக்கும் என்று தெரியாமல், ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் காட்டிக் கொடுக்கவில்லை.