சமூக ஆதரவு உண்டா, இல்லையா?

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. படிவம் நிரப்பத்தான் வருவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் உளவியல் ஆய்வு செய்கிறாள். பதின்ம வயதினரின் குணத்துக்கும், தமக்குத் துணை இருப்பதாக அவர்கள் நினைப்பதற்கும் என்ன தொடர்பு என்பது அவளுடைய தலைப்பு. ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கித் தரச் சொன்னாள். என் தாய்மொழி அலுவலகத் தமிழ். ‘தங்களுக்குச் சமூக ஆதரவு உண்டா?’ என்று எழுதிக் கொடுத்தேன்.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளி, பதினோராம் வகுப்பு. தாள்கள் திரும்பி வந்தபோது முக்கால்வாசிப் பேர் ஆதரவற்றவர்களாக இருந்தார்கள். சிலர் கேள்விக்கு மேலே தங்கள் சாதியையும், மறக்காமல் சான்றிதழ் எண்ணையும் எழுதியிருந்தார்கள். ஆய்வாளரோடு நானும் பள்ளிக்குப் போய், முன்வரிசையில் இருந்தவளை விசாரித்தேன்.

“உதவித்தொகை ஃபாரந்தான சார்? ஆதரவு இருக்குன்னு போட்டா பேரை வெட்டிருவாவல்லா?”

மறுநாள் கேள்வியை மாற்றினோம்: ‘மனசு சரியில்லையென்றால் யாரிடம் சொல்வாய்?’ வகுப்புக்கு ஒரே இரவில் சொந்தபந்தம் திரும்பிவிட்டது. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒருத்தி, பஸ் கண்டக்டர் உட்பட ஒன்பது பேரை எழுதியிருந்தாள். ஒருத்தி மட்டும் மறுபடியும் ‘யாரும் இல்லை’ என்று எழுதினாள். விடுதியில் தங்கிப் படிப்பவள். வகுப்பையே சிரிக்கவைப்பவள். இடைவேளையில் அவளைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள்.

அப்படி எழுதினால் பொறுப்புள்ள பெரியவர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. அவளைத் தன் அறைக்கு வரவழைத்து, வாசுதேவநல்லூரில் இருக்கும் அவள் அப்பாவை அழைக்கத் தலைமையாசிரியை போனை எடுத்தார்.

“அப்பாவுக்கு மட்டும் வேண்டாம் மிஸ். படிச்சது போதும்னு கூட்டிட்டுப் போயிருவாவ.” இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

விதியை இன்னொரு முறை படித்தேன். ‘பெரியவர்’ என்றுதான் இருந்தது, ‘தந்தை’ என்று இல்லை. சுட்டிக்காட்டியதும் தலைமையாசிரியை போனை வைத்துவிட்டார்.

“அப்போ யாரைக் கூப்பிட?” என்று அவளிடம் கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். பண்பொழியில் தையல் கடை வைத்திருக்கும் சித்தியின் எண்.

ஒரு மணி நேரத்தில் சித்தி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

“ஏட்டி, யாருமே இல்லன்னு எழுதுனியாமே? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“நீ எப்பவும் தச்சுக்கிட்டே இருக்க. எதுக்குத் தொந்தரவுன்னு...”

“தைக்கது கையி. காது சும்மாதான இருக்கு?”

‘பாதுகாவலர் நேரில் வந்தார்’ என்று தலைமையாசிரியை பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அப்பாவை அழைக்கும் அவசியம் அதோடு தீர்ந்தது. பழைய பதிலைத் திருத்தலாமா என்று ஆய்வாளர் கேட்டாள். கூடாது என்றேன். எழுதியபோது அவள் நினைத்தது அதுதான்.

சித்தி அவளுக்கு அரை நாள் விடுப்பு கேட்டாள். விண்ணப்பத்தை நானே எழுதினேன். காரணம்: சொந்த வேலை. இருவரும் குற்றாலம் பஸ்ஸுக்குப் போனார்கள். வாசலைத் தாண்டும் முன்பே அந்தப் பெண் பேச ஆரம்பித்திருந்தாள். சித்தி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.