பெயிண்ட் ஒட்டாத வீடு

திருமயம் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே பழைய வீடு ஒன்று நிற்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய லக்ஷ்மணன் செட்டியார் கட்டியது. வாரிசுகள் சென்னைக்குக் குடிபோனபோது பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது விடுதியாக இருந்தது, தேர்வுப் பிரிவாக இருந்தது, யோகா மையமாகவும் இருந்தது. இப்போது புத்தாக்க மையம். துணைவேந்தர் மாறினால் வாசலில் பலகை மாறும். மாறாதவை இரண்டு: சுவரும், அதைத் துடைக்கும் அடைக்கலமேரியும்.

இருபத்திரண்டு வருடமாகத் துடைக்கிறார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர். ஈரத்துணி பட்டால் கண்ணாடி. மதியம் சாப்பிட்டதும் அதில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டினால், சித்திரை வெயிலிலும் குளுகுளு. துணைவேந்தர் அறையில் ஏசி இருக்கிறது. பாவம், அடிக்கடி ரிப்பேர்.

தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறதென்று கடிதம் வந்ததும், எஸ்டேட் ஆபீசர் வசந்தகுமார் முப்பது டப்பா பெயிண்டோடு வந்திறங்கினார்.

"எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கலர், ஆர்டர். நீங்க இனிமே புது பிளாக் மூணாவது மாடி பாத்ரூமுக்குப் போயிருங்க மேரிம்மா. பெயிண்ட் அடிச்ச செவத்தத் தொடைக்க ஆள் எதுக்கு?"

மேரி துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இது முட்டைச் செவரு. பெயிண்ட் நிக்காது."

"ஆம்லெட்டா போட்டு வச்சிருக்காங்க? பத்து வருஷம் கேரண்டி போட்டிருக்கான்ம்மா."

"அப்ப கதவுக்குப் பின்னாடி ஒரு மொழம் அடிச்சுப் பாருங்க. திங்கக்கெழம வரைக்கும் நின்னுச்சுன்னா, நானே பக்கெட்டத் தூக்கிட்டு அங்கிட்டுப் போயிர்றேன்."

அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தோணியாருக்கு மேரி ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். பெயிண்ட் உரிய வேண்டும் என்றொரு விண்ணப்பம் அவருக்கு அதுவரை போயிருக்காது.

திங்கள் காலை வசந்தகுமார் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பெயிண்ட் அப்பளம் மாதிரி முழுசாக உரிந்து கையோடு வந்தது. அடியில் பளபளத்த சுவரில் அவர் முகம் தெரிந்தது. மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"குழு நாளைக்கே வருதே மேரிம்மா!"

"வரட்டும் சார். அந்த வாளிய இங்கிட்டுத் தள்ளுங்க."

பொழுது சாயும்வரை இருவரும் துடைத்தார்கள்.

அறிக்கை வந்தது: "புத்தாக்க மையத்தில் புதிதாக அடிக்கப்பட்ட பெயிண்ட் மிக நேர்த்தி." அதற்காக வசந்தகுமாருக்குப் பாராட்டுச் சான்றிதழ். கூச்சத்தோடு கொண்டுவந்து காட்டினார்.

"ஒங்க பேருதாம்மா இதுல இருக்கணும்."

"எனக்கெதுக்கு சார் காயிதம்? அந்த பாத்ரூம் ஆர்டர் என்னாச்சு?"

"கிழிச்சாச்சு."

மேரி சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். வசந்தகுமார் சான்றிதழைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப இத இங்கயே மாட்டிரலாமா? ஒரு ஆணி அடிச்சா…"

"ஆணியோட இந்தச் செவத்துப் பக்கம் வந்தீங்க, வாளித் தண்ணி ஒங்க மேலதான் சார்."