ஒரு சீட் காலியாகட்டும் என்று ஜெபித்தேன்

அன்பான சபையாருக்கு,

கேட்டது கிடைக்கவில்லையே என்று அழுதவர்கள் நம்மில் பலர் உண்டு. நான் கேட்டது கிடைத்துவிட்டதே என்று பயந்து அழுதவன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா கொல்கத்தா கிதிர்ப்பூர் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். சம்பளத் தாளில் கைநாட்டு வைப்பார். அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அரசாங்க உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்தேன். லைசென்ஸ் வாங்கியும் இரண்டு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு சின்ன சரக்கு விமானக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மொத்தம் மூன்று விமானங்கள். கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கு ஊர்களுக்கு மருந்து கொண்டுபோவோம், கூரியர் மூட்டை கொண்டுபோவோம். சில நாள் பிறந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகள் வரும். அட்டைப்பெட்டிகளில் அவை கத்துவது எங்கள் காதுவரை கேட்கும்.

விமானத்தில் கேப்டன் இடப்பக்கம் உட்காருவார், உதவி விமானி வலப்பக்கம். மூன்று வருஷம் நான் வலப்பக்கமே உட்கார்ந்திருந்தேன். கேப்டனாவதற்கான பரீட்சைகளில் தேறிவிட்டேன். பறந்த நேரமும் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. வரிசையில் முதல் பெயர் என்னுடையது. ஆனால் சின்னக் கம்பெனியில் ஒரு கேப்டன் எழுந்து போனால்தான் அடுத்தவன் உட்கார முடியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

பெஹாலாவில் எங்கள் பக்கத்து வீட்டுக் காக்கு, அதாவது சித்தப்பா, ஒருநாள் அப்பா முன்னாலேயே கேட்டார்: "என்னப்பா, நீ இன்னும் ஹெல்ப்பர்தானா? டிரைவர் எப்ப ஆவே?" மினிபஸ்ஸில் கதவைத் தட்டுகிறவனை நினைத்துக் கேட்டார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் முழங்கால் போட்டு ஒரே வரி ஜெபித்தேன். "ஆண்டவரே, ஒரு சீட்டைக் காலி பண்ணும்."

அம்மாவும் ஜெபித்தார்கள். சபையில் அவர்கள் சத்தமாக ஜெபிப்பது உங்களுக்கே தெரியும். "என் மகனை வலது பாரிசத்தில் உட்கார வையும் தகப்பனே" என்பார்கள். நம் விசுவாசத்தில் வலது பக்கம்தானே கனமான இடம்! ஒருநாள் சாப்பிடும்போது கேப்டன் இடப்பக்கம் உட்காருவார் என்று சொன்னேன். சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏய்யா, இத மொதல்லயே சொல்லப்பிடாதா? மூணு வருசமா தப்பான பக்கத்தயில்லா கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

நாங்கள் சிரித்தோம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சிரிப்பே இல்லை.

போன வருஷம் பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம். எங்கள் கேப்டன்களில் மூத்தவர் சன்யால் சார் வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்ததில் இதயத்தில் ஏதோ கோளாறு என்று காட்டியது. "தற்காலிகமாகத் தகுதியில்லை" என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் சரக்கு ஏற்றுகிறவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கேப்டன் சாப், மிஷ்டி கோதாய்?" இனிப்பு எங்கே என்று கேட்கிறார்கள். காலியாகட்டும் என்று நான் கேட்டேன். காலியாகிவிட்டது.

எனக்கு எதையும் குடைந்து பார்க்கிற புத்தி. இப்படி ஒரு ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா? கேட்கமாட்டார் என்றால் ஏன் நான் கேட்டபடியே நடந்தது? தற்செயல் என்றால், இதுவரை எனக்கு நடந்த நல்லதெல்லாமும் தற்செயல்தானா? பஸ்ஸில், குளியலறையில், மேகத்துக்கு நடுவே பறக்கும்போதுகூட இதே கேள்வி. ஜெபிக்கவே பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் இன்னும் யாருக்கு என்ன ஆகுமோ!

அலுவலகத்தில் விமானிகளைக் கவனிக்கிற மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "சீட் இருக்கு. ஆனா உனக்கு டிரெயினிங் யார் குடுப்பா? நம்ம கம்பெனில அந்த அனுமதி சன்யாலுக்கு மட்டும்தான். வெளியிலேர்ந்து ஆள் தேடினேன், எல்லாரும் பிஸி. மூணு மாசத்துல அவர் ஃபிட் ஆகலன்னா ரெடிமேடா ஒரு கேப்டனை எடுத்துப்போம். அப்புறம் நீ வெயிட் பண்ண வேண்டியதுதான்."

யார் எழுந்து போகட்டும் என்று கேட்டேனோ, அவர் இல்லாமல் நான் உட்கார முடியாது! இதில் இன்னொரு சிக்கல். இப்போது அவர் குணமாக வேண்டும் என்று ஜெபித்தால் அதுவும் எனக்காகத்தானே?

ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக ஜாதவ்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சார் லுங்கியோடு சோபாவில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். அவர் மனைவியை நாங்கள் பௌதி, அதாவது அண்ணி என்போம். அவர் சர்க்கரை போடாத டீ கொடுத்தார். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஹிந்தியும் வங்காளமும் கலந்த எங்கள் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

சார் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். "ஷுன்சோ? கேட்டியா? டாக்டர் ஒரு வாரமா காரணம் தேடறான். காரணம் இங்க உக்காந்து டீ ஆற வெச்சிட்டிருக்கு!"

"சார், நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"நானும்தான். என்னன்னு கேட்டே? அப்படியே சொல்லு."

"ஒரு சீட்டைக் காலி பண்ணும்னு."

"யாரோடதுன்னு சொல்லல?"

"இல்ல சார்."

"ஆரே பாபா! பாதி மெசேஜ் அனுப்பினா கண்ட்ரோல் டவர்காரனே 'திரும்பச் சொல்லு'ன்னு கேப்பான். உன் ஆண்டவர் கேக்கமாட்டாரா?"

வெளியே வந்த பௌதி சிரிக்கவில்லை. "இவர் பகல்ல இப்படிப் பேசுவார். ஆனா ஸ்கூட்டர் சத்தம் கேட்டாக்கூட ரிப்போர்ட் வந்துதான்னு ஓடிப்போய்ப் பாக்கறார்" என்றார்.

சார் வெள்ளரிக்காய்த் தட்டைக் கீழே வைத்தார். "இருபத்தஞ்சு வருஷம். எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியாது, தெரியுமா?"

நான் மெதுவாகச் சொன்னேன். "உங்களுக்காக ஜெபிக்கணும் சார். ஆனா நீங்க வந்தாத்தான் எனக்கு டிரெயினிங். அதனால அதுவும் சுயநலம் மாதிரி இருக்கு."

"இருக்கட்டுமே! உன் காரணத்தை நீ வெச்சிக்கோ, எனக்கு ஃபிட்னு சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிக் குடு. இவ காளிகாட் கோயிலுக்குப் போயிட்டு வந்தாச்சு. இன்னொரு ஃப்ரீக்வென்சிலயும் கூப்பிட்டுப் பாக்கலாம், தப்பில்ல."

அந்த வீட்டுத் தரையில் முழங்கால் போட்டேன். சீட் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "இந்த மனுஷனுக்கு வேற எதுவும் தெரியாது ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது. பௌதி அழுதார். நானும் அழுதேன். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் அங்கேயே இறங்கிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சார் போனில் ஒரே வார்த்தை சொன்னார். "ஃபிட்!" அடுத்தகட்டச் சோதனைகளில் அடைப்பு எதுவும் இல்லையாம். டிரெட்மில் சில சமயம் இப்படித் தப்பாகக் காட்டும் என்றாராம் டாக்டர். டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அவர் சீட்டுக்கு அவர் திரும்பி வந்துவிட்டார். அப்படியானால் எனக்கு?

அதே வாரம் இன்னொரு கேப்டன், சிலிகுரிக்காரர், சந்தேஷ் பெட்டியோடு அலுவலகத்துக்குள் வந்தார். பெரிய பயணிகள் விமானக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். "என் பொண்டாட்டி ஒரு வருஷமா செவ்வாய்க்கிழமை சாப்பிடறதில்ல. இனிமே சாப்பிடுவா" என்று எல்லார் வாயிலும் இனிப்பை ஊட்டினார்.

வாயில் சந்தேஷோடு நின்றேன். நான் முகமே பார்க்காத ஒரு பெண், தன் புருஷன் அந்த சீட்டிலிருந்து எழுந்து போக வேண்டும் என்று பட்டினி கிடந்திருக்கிறாள். நான் உட்காரக் கேட்டிருக்கிறேன். இரண்டு வேண்டுதலும் ஒரே நாற்காலிக்கு! ஒருவருக்கும் நோகாமல் காலி பண்ண ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வழியையும் நானே தீர்மானிக்க வேண்டும் என்பதுபோல இத்தனை நாள் பயந்து செத்தேன்.

சன்யால் சார்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார். தப்புச் செய்தால் "இதுக்கா நான் ஃபிட் ஆனேன்?" என்று திட்டினார். இந்த வருஷம் வெயில் தொடங்கும்போது இடப்பக்கம் உட்கார்ந்து முதல்முறை பறந்தேன். இறங்கியதும் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "சரிய்யா, சரிய்யா" என்று மட்டும் சொன்னார். பிறகு ரொம்ப நேரம் போனை வைக்கவேயில்லை.

என் ஜெபம் மாறிவிட்டது. இப்போது ஒரு இடத்தைக் கேட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்காகவும் கேட்கிறேன். வேலைக்கோ, வீட்டுக்கோ, கல்லூரி சீட்டுக்கோ காத்திருக்கிற சகோதர சகோதரிகளே, தயங்காமல் கேளுங்கள். அந்த இடத்தில் இருக்கிற முகம் தெரியாத ஆளையும் சேர்த்து ஒப்புக்கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மௌமிதா என்ற பெண் எனக்கு உதவி விமானியாக வந்தாள். சரக்கு ஏறும்வரை சும்மா இருந்தவள் கொஞ்சமும் கூசாமல் கேட்டாள்.

"சார், நீங்க எப்போ போவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி கும்பிடுவியா?" என்றேன்.

"ரொம்ப, சார்."

"அப்ப எனக்கும் நல்ல எடமா பாத்துக் கேளும்மா" என்றேன்.