அம்மா சுற்றிய சோடா மெஷின்

இன்று பஸ் ஸ்டாண்டு கடையில் யாரோ கோலி சோடாவை உடைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு என் தோள்கள் தாமாகவே ஒடுங்கிக்கொண்டன.

ஆரணியில், சேவூர் போகும் சாலையோரம் எங்கள் சோடா கம்பெனி இருந்தது. எப்போதும் ஈரமான தரையும், எலுமிச்சை எசன்ஸ் வாசனையும், இரும்புச் சக்கரத்தைச் சுற்றும்போது உள்ளே பாட்டில்கள் கடகடக்கும் ஓசையுமாக இருந்த அந்த ஓட்டு அறையில், நான் ஐந்தாவது படித்தபோது, ஒரு பாட்டில் வெடித்து அப்பாவின் வலக்கண் போனது. அதுவரை பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்த அம்மா, மறுவாரமே சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள்.

அதன்பின் வகுப்பில் எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை; பள்ளிக்கு எதிர்ச்சாரியில் இருந்த கம்பெனியிலேயே என் காது கிடந்தது. ஒரு மதியம் 'டமால்' என்று கேட்டதும் டீச்சரிடம்கூடச் சொல்லாமல் ஓடினேன். அம்மா கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு இப்பிடி ஓடியாந்த? எனக்கு ஒண்ணும் ஆவல. ஸ்கூலுக்குப் போ."

"நீ சுத்தாதம்மா."

"நான் சுத்தலன்னா யாரு சுத்துவாங்க? கல்யாண வூட்ல காத்துகினு இருக்காங்க."

கம்பிவலை முகமூடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பின்னால் முடிச்சுப் போட வரவில்லை. நாடா இரண்டு முறை விரல்களிலிருந்து நழுவியது. நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். அன்று நான் பள்ளிக்குத் திரும்பவில்லை.